புரோகிதர் இல்லாத பந்தல்

தமிழ்நாட்டில் கடவுள் மறுப்பு என்னும் கொள்கை எந்த வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது என்று எவரேனும் ஆராயப் புகுவாராயின், நூல் நிலையத்தின் வாசலையோ பொதுக்கூட்ட மேடையையோதான் அவர் முதலில் சுட்டிக்காட்டுவார். என் அபிப்பிராயம் வேறு. அது கல்யாணப் பந்தலின் வாசல் வழியாக நுழைந்தது. புத்தகம் படித்து நாஸ்திகரானவர் சிலர். பிரசங்கம் கேட்டு நாஸ்திகரானவர் அவரினும் சற்று அதிகம். ஆனால் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்று பட்டுப்புடவை உடுத்தி வந்த இடத்தில், ஐயரும் இல்லாமல், ஓமமும் இல்லாமல், ராகு காலத்தில், இரண்டு மாலைகளை மாற்றிக்கொண்டதோடு ஒரு விவாகம் முடிந்துபோனதையும், அதன்பிறகும் மழை பெய்ததையும், மணமக்கள் மறுவருஷம் பொங்கலுக்குக் கைக்குழந்தையோடு வந்து இறங்கியதையும் கண்ணாரக் கண்டு, அதுவரை மனத்தில் இருந்த பயம் ஒன்று தானாகவே கழன்று விழப்பெற்றவர்கள் அந்த இரு சாராரினும் மிகப் பலர் என்று நான் நினைக்கிறேன்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அதை இங்கே மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் இந்த நாட்டில் நாஸ்திகன் ஒருவன் உண்பதும் உடுப்பதும் பழகுவதும் ஆஸ்திகரோடுதான். சித்தப்பா வீட்டுக் காதணி விழாவுக்கு அவனால் போகாமல் இருக்க முடியாது. போனால் சந்தனம் பூசிய மொட்டைத் தலைக் குழந்தையை வாங்கிக் கொஞ்சாமலும் இருக்க முடியாது. தினசரி வாழ்க்கையில் தெய்வம் இல்லை என்று எடுத்துச் சொல்லவேண்டிய சந்தர்ப்பம் அவனுக்கு அநேகமாக வருவதே இல்லை. பிறப்பு, விவாகம், மரணம் என்ற மூன்று இடங்களில்தான் மதம் வந்து அவன் கையைப் பிடிக்கிறது. அவற்றுள் பிறந்தபோது அவனுக்கு அறிவில்லை. இறந்தபோது அவனுக்கு வாயில்லை. சுயநினைவோடு நிமிர்ந்து நின்று ‘இது எனக்கு வேண்டாம்’ என்று சொல்லத்தக்க ஒரே இடம் விவாகம். ஆகவேதான் கொள்கைக்கும் குடும்பத்துக்கும் இடையிலுள்ள வழக்குகள் எல்லாம் அங்கே வந்து குவிகின்றன. சர்க்காரும் நீதிமன்றமும்கூட அங்கேதான் நாஸ்திகனை விசாரிக்கின்றன. அந்த விசாரணை நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்து வருகிறது. அவன் யார் என்பது பற்றி அவர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வந்தபாடில்லை.

நாஸ்திகம் இங்கே இருபதாம் நூற்றாண்டில் முளைத்த பயிர் அன்று. 1882 முதல் 1888 வரை சென்னையில் ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ்ப் பத்திரிகை வெளிவந்தது. சென்னை இலௌகிக சங்கத்தார் அதை நடத்தினார்கள். ஜாதி, விக்கிரகாராதனை, பால்ய விவாகம், விதவையர் நிலை ஆகியவற்றையெல்லாம் அவர்கள் அதில் கூசாமல் விசாரித்தார்கள். இங்கிலாந்தில் சார்லஸ் பிராட்லா ஸ்தாபித்திருந்த தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தோடு அவர்களுக்குத் தொடர்பு இருந்தது. பிராட்லா 1880-இல் நார்தாம்ப்டன் தொகுதியிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும், கடவுள் பெயரால் பிரமாணம் செய்யும் தகுதி நாஸ்திகனுக்கு இல்லை என்று தடுக்கப்பட்டு, மீண்டும் மீண்டும் தேர்தலில் நின்று மீண்டும் மீண்டும் வென்று, 1886-இல்தான் தம் ஆசனத்தில் அமர முடிந்தது. அவர் 1891-இல் காலமானபோது அடக்கத்துக்குச் சென்றிருந்த கூட்டத்தில், லண்டனில் பாரிஸ்டர் படிப்புப் படித்துக்கொண்டிருந்த காந்தியும் ஒருவர். நாஸ்திகனுடைய வாக்கை நம்பலாமா என்ற கேள்வி அங்கே பிரமாணத்தின் உருவில் வந்தது; இங்கே தாலியின் உருவில் வந்தது. இலௌகிக சங்கத்தாருக்கு அறிவும் துணிவும் இருந்தன. ஆனால் அக்கினி சாட்சியில்லாத விவாகத்தை ஊரறிய ஒரு வழக்கமாக நிலைநிறுத்தும் ஆள்பலம் அந்தச் சிறு சங்கத்துக்கு இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஒரு சட்டம் மட்டும் இருந்தது. வங்காளத்தில் கேசவ சந்திர சேனரைப் பின்பற்றிய பிரம்ம சமாஜத்தார், தாங்கள் நடத்தும் புதுமுறை விவாகங்கள் சட்டப்படி செல்லுமா என்ற ஐயத்தால் மன்றாடியதன் பயனாக 1872-இல் விசேஷ விவாகச் சட்டம் பிறந்தது. அதன்படி மணக்க விரும்பும் இருவரும், தாம் இந்துவும் அல்ல, முஸ்லிமும் அல்ல, கிறிஸ்தவரும் அல்ல, யூதர், பார்சி, பௌத்தர், சீக்கியர், ஜைனர் எவரும் அல்ல என்று எழுதிக் கையொப்பமிடவேண்டும். புரோகிதரை மட்டும் விட்டுவிடச் சித்தமாயிருந்தவனைப் பார்த்து, உன் பாட்டனையும் சேர்த்து விட்டுவிடு என்று சொன்ன சட்டம் அது. அதைக் கேட்டு வாங்கிய கேசவரே, 1878-இல் தம் மகளை, அந்தச் சட்டம் குறித்த வயது நிரம்புவதற்கு முன்னர், கூச்பிகார் மகாராஜாவுக்கு மணம் முடித்துக் கொடுத்துத் தம் சமாஜத்தை இரண்டாகப் பிளந்தார் என்பது வேறு கதை. சீர்திருத்தக்காரரின் வீட்டுக் கல்யாணத்தைப் பார்த்த பிறகுதான் சீர்திருத்தத்தை எடைபோடவேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. 1923-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, இந்துக்கள் தம் மதத்தை மறுக்காமலேயே பதிவு செய்துகொள்ள வழி பிறந்தது. ஆனால் அப்படிச் செய்துகொண்டவன் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவனாகிவிடுவான். நிலமும் கடையும் அண்ணன் தம்பிகளோடு பொதுவில் கிடக்கும் குடியானவனுக்கும் வியாபாரிக்கும் அந்த வழி எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

1872-இன் சட்டம் பிறந்த அதே காலத்தில் மகாராஷ்டிரத்தில் ஜோதிராவ் புலே 1873-இல் சத்திய சோதக சமாஜத்தை நிறுவி, பிராமணப் புரோகிதர் இல்லாத விவாகங்களை நடத்தத் தொடங்கினார். ஆனால் புலே கடவுளை மறுத்தவர் அல்லர். படைத்தவனுக்கும் படைக்கப்பட்டவனுக்கும் நடுவில் தரகன் வேண்டாம் என்பதே அவர் வாதம். தமிழ்நாட்டிலும் முதலில் எழுந்தது இந்தத் தரகு விவகாரம்தான். 1925 மே 2-ஆம் தேதி பெரியார் ஈ.வெ.ரா.வின் ‘குடி அரசு’ வார இதழ் வெளிவரத் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள், புரோகித மறுப்புச் சங்கங்கள் என்று பல ஊர்களில் தோன்றின. அவற்றில் சேர்ந்தவர்கள் எல்லோரும் நாஸ்திகர் அல்லர்; விபூதி பூசியவர்களும் நாமம் தரித்தவர்களும் அவற்றில் இருந்தார்கள். தன் வீட்டுக்கு வந்து, தன் தட்சிணையை வாங்கிக்கொண்டு, தனக்கு விளங்காத பாஷையில் தன்னைச் சூத்திரன் என்று வைத்து மந்திரம் சொல்லிவிட்டு, தன் வீட்டுத் தண்ணீரை மட்டும் குடிக்க மறுக்கும் ஒருவரை ஏன் அழைக்கவேண்டும் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேதாந்தம் எதுவும் தேவைப்படவில்லை. மானம் முதலில் வந்தது; மறுப்பு பின்னால் வந்தது. மேல்நாட்டு நாஸ்திகத்தின் சரித்திரத்தை மட்டும் படித்தவர்கள் இந்த வரிசையைக் கவனிப்பதில்லை.

1928 மே 28-ஆம் தேதி அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள சுக்கிலநத்தம் என்ற கிராமத்தில் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்று வழங்கி வருகிறது. கரிசல் மண்ணும் பருத்தியும் உள்ள பூமி அது. பட்டணத்து வக்கீல்களின் பங்களாவில் தொடங்காமல் இப்படி ஒரு கிராமத்தில் இது தொடங்கியது தற்செயல் அல்ல. கல்யாணக் கடன் என்பது என்னவென்று தெரிந்தவர்கள் அங்கேதான் இருந்தார்கள். நிச்சயதாம்பூலத்தில் ஆரம்பித்து, பந்தக்கால் நட்டு, அரசாணிக்கால் ஊன்றி, அம்மி மிதித்து, அருந்ததி பார்த்து, நலங்கு வைத்து, மறுவீடு போய்த் திரும்புவதற்குள் ஒரு காணி நிலம் அடமானத்துக்குப் போய்விடும் என்பதைத் தன் தகப்பன் வாழ்க்கையிலேயே பார்த்திருந்த ஒருவனிடம், ஒரே நாளில், ஒரே வேளைச் சாப்பாட்டோடு விவாகத்தை முடிக்கலாம் என்று ஈரோட்டுக்காரர் சொன்னபோது, பாதி வாதம் அவன் மனத்தில் ஏற்கெனவே முடிந்திருந்தது.

அடுத்த ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் தலைமையில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சமச் சொத்துரிமை, தம் துணையைத் தாமே தெரிந்துகொள்ளும் உரிமை, ஒவ்வாத மணத்தை விலக்கிக்கொள்ளும் உரிமை ஆகியவற்றைத் தீர்மானங்களாக நிறைவேற்றியது. பெண்ணுக்குப் பதினான்கு வயது நிரம்பாமல் மணம் செய்யக்கூடாது என்ற சாரதா சட்டமே அந்த ஆண்டில்தான் நிறைவேறியது என்பதை நினைத்துப் பார்த்தால், செங்கற்பட்டில் பேசியவர்கள் தம் காலத்தை எவ்வளவு தூரம் முந்தியிருந்தார்கள் என்பது விளங்கும். 1929 டிசம்பரில் சுயமரியாதை இயக்கத்தைச் சேர்ந்த குத்தூசி குருசாமிக்கும் குஞ்சிதத்துக்கும் பெரியார் தலைமையில் நடந்த மணம் சமயச் சடங்கின் வாசனைகூட இல்லாமல் நடந்தது. ஜாதி கடந்த மணமாகவும் அது அமைந்தது. மணமகளான குஞ்சிதம் படித்தவர். பின்னாளில் தாமே மேடையேறிப் பிறர் திருமணங்களில் பேசியவர். அதுவரை தமிழ்நாட்டு மணமேடையில் மணப்பெண் தலை நிமிர்ந்தாலே குற்றம் என்று இருந்ததை நினைத்துக்கொள்ளவேண்டும்.

பெண்கள் இவ்வழக்கத்தில் வகித்த ஸ்தானத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். பால்யத்தில் விதவையானவர் என்று சமூகம் மூலையில் உட்கார்த்தி வைத்திருந்த சிவகாமி அம்மையாரைத் தமிழறிஞர் சாமி சிதம்பரனார் 1930-இல் ஈரோட்டில் மணந்தபோது, அந்த மணத்துக்குத் தலைமை தாங்கியவர் பெரியாரின் மனைவி நாகம்மையார். சுமங்கலியைத் தவிர மற்றவள் பந்தலுக்குள் கால் வைப்பதே அபசகுனம் என்று எண்ணிய நாட்டில், விதவையே மணப்பெண்ணாகவும், ஒரு பெண்மணியே அந்த மணத்தை நடத்திவைப்பவராகவும் அமர்ந்த காட்சி எத்தனை சாஸ்திரங்களை ஒரே முகூர்த்தத்தில் பொய்யாக்கியிருக்கும்! நாகம்மையார் 1933 மே 11-ஆம் தேதி காலமானார். மறுநாளே பெரியார் திருச்சிக்குச் சென்று, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் நூற்று நாற்பத்து நாலாவது பிரிவின்கீழ் விதிக்கப்பட்டிருந்த தடையை மீறி, ஒரு கிறிஸ்தவ ஜோடிக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்துக் கைதானார். மனைவி இறந்த மறுநாள் மங்கல காரியத்தில் தலை காட்டுவதா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். தீட்டு என்பதில் நம்பிக்கை இல்லை என்று மேடையில் சொல்வது எளிது. துக்கத்தின் நடுவில் அதை நடந்து காட்டுவதற்கு வேறொரு திடம் வேண்டும். இன்னொன்றும் இதிலே தெரிகிறது: இந்த முறை இந்துக்களுக்கு மட்டும் உரியது என்று அதை வகுத்தவர் ஒருபோதும் நினைக்கவில்லை. இதைக் கீழே மறுபடி பார்க்கவேண்டியிருக்கிறது.

தமிழ்நாட்டுக்கு வெளியிலும் இதற்கு ஓர் இணை உண்டு. ஆந்திர தேசத்து நாஸ்திகரான கோரா, தம் மகள் மனோரமாவை, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த அர்ஜுனராவுக்கு மணம் செய்விக்க விரும்பியபோது, காந்தி அதைச் சேவாகிராமத்தில் தாமே நடத்தி வைப்பதாக ஏற்றுக்கொண்டார். கடவுளின் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரை வைத்துக்கொள்ளவும் இசைந்தார். அதற்குள் அவர் சுடப்பட்டு மாண்டார். 1948 மார்ச்சில் அவர் இல்லாமலே அந்த மணம் அதே ஆசிரமத்தில் நடந்தது. ராம நாமத்தை விடாத ஒருவர் நாஸ்திகன் மகளுக்காக அதை விட்டுக்கொடுக்க இசைந்ததை, பிராட்லாவின் அடக்கத்துக்குச் சென்ற மாணவனின் ஞாபகத்தோடு சேர்த்துப் பார்க்க எனக்கு ஆசை. ஆனால் அதற்கு ஆதாரம் என் ஆசை ஒன்றுதான்.

இனி, அந்தத் திருமணம் நடக்கும் விதத்தைக் காணாதவர்களுக்காகச் சொல்கிறேன். அழைப்பிதழிலிருந்தே வித்தியாசம் தொடங்கும். உச்சியில் பிள்ளையார் சுழி இராது. குலதெய்வத்தின் பெயர் இராது. ‘நிகழும் மங்களகரமான’ என்று தொடங்கும் வருஷமும் லக்கினமும் நட்சத்திரமும் இரா. ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி என்று கடிகாரத்தின் நேரம் இருக்கும். பெயர்களின் பின்னால் ஜாதிப் பட்டம் இராது. அதற்குக் கீழே தலைமை இன்னார், முன்னிலை இன்னார், வரவேற்புரை இன்னார், வாழ்த்துரை என்று பத்துப் பன்னிரண்டு பெயர்கள், கடைசியில் நன்றியுரை இன்னார் என்று வரிசையாக அச்சாகியிருக்கும். மேடையில் ஓமகுண்டம் இருக்கவேண்டிய இடத்தில் ஒலிபெருக்கி நிற்கும். மணமக்கள் நாற்காலியில் அமர்ந்திருப்பார்கள். தலைவர் எழுந்து உறுதிமொழியை வாசிக்க, மணமகள் முதலிலோ மணமகன் முதலிலோ அதைத் திரும்பச் சொல்வார்கள்: இன்று முதல் இன்னாரை என் வாழ்க்கைத் துணையாக ஏற்கிறேன், இன்பத்திலும் துன்பத்திலும் சம உரிமையோடு வாழ்வோம் என்பது அதன் சாரம். மாலை மாற்றுவார்கள், சிலர் மோதிரம் மாற்றுவார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள், பெற்றோர் சாட்சிக் கையெழுத்திடுவார்கள். இத்தனையும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு வாழ்த்துரை தொடங்கும்.

இங்கேதான் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. புரோகிதரை எழுப்பிவிட்டு அந்த ஆசனத்தில் பேச்சாளரை உட்காரவைத்துவிட்டோம். மணமக்கள் வியர்வையில் நனைந்து மாலையின் கனத்தைத் தாங்கிக்கொண்டிருக்க, மனுதர்மத்தில் தொடங்கி மாகாண சர்க்காரின் வரிக்கொள்கை வரையில் ஒருவர் மாற்றி ஒருவர் பேசிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஒரு முறை, பந்திக்கு இலை போட்டு வெகுநேரம் ஆகிவிட்டதென்று சமையற்காரர் மேடையோரம் வந்து நின்று கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பேச்சாளரோ, தாம் சுருக்கமாக முடித்துக்கொள்வதாக மூன்றாவது தடவையாக அறிவித்தார். விளங்காத மந்திரத்தைவிட விளங்கும் பிரசங்கம் மேல் என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆயினும் அந்த இருவரின் நாளில் அந்த இருவர் பேசுவதற்கு ஒரே ஒரு வாக்கியந்தானா கிடைக்கவேண்டும்? பாரதிதாசன் ‘புரட்சித் திருமணத் திட்டம்’ என்று ஒரு முறையையே வகுத்துத் தந்திருக்கிறார். திட்டம் இருந்தாலும் ஒலிபெருக்கி கைக்கு வந்தவரைத் திட்டத்துக்குள் நிறுத்துவது யாரால் ஆகும்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் நியாயமாகாது. பொதுக்கூட்டத்துக்கு வராத பெண்கள் கல்யாணத்துக்கு வந்தார்கள். தெரு முனையில் நின்று பேசினால் கல்லெறியக்கூடிய ஊரில், பந்தலுக்குள் நின்று பேசியவனை விருந்தாளி என்று விட்டுவைத்தார்கள். முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பாட்டிகள், தாங்கள் அறுபது வருஷம் சுமந்த தாலியைப் பற்றி ஒருவன் ஒலிபெருக்கியில் கேள்வி கேட்பதைக் கேட்டுக்கொண்டே, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த மஞ்சளரிசியை, ஒருவரும் பாராத நேரம் பார்த்து, மணமக்கள் மேல் எறிந்தார்கள். அவர்களைத் தடுத்தவரை நான் பார்த்ததில்லை. தாலியையும் இயக்கத்தார் எல்லோரும் விட்டுவிடவில்லை. கட்டியவர்கள் உண்டு, கட்டாதவர்கள் உண்டு, கட்டிப் பல ஆண்டு கழித்து மேடையில் கழற்றியவர்கள் உண்டு. 2015 ஏப்ரலில் சென்னையில் தாலியகற்றும் நிகழ்ச்சி ஒன்றைத் திராவிடர் கழகத்தார் நடத்த முயன்றபோது அது நீதிமன்றம் வரையில் போனது; எண்பத்தைந்து ஆண்டுப் பழக்கத்துக்குப் பிறகும் அந்தக் கயிற்றின் முடிச்சு எவ்வளவு இறுக்கமானது என்பது அன்று தெரிந்தது.

சட்டத்தின் கதைக்கு வருகிறேன். 1934-இல் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம், செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் சொத்து வழக்கின் வாயிலாகச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்து சேர்ந்தது. 1953-இல் தீர்ப்பு வந்தது. கன்னிகாதானம், பாணிக்கிரகணம், சப்தபதி முதலிய சாஸ்திரச் சடங்குகள் அதில் இல்லை. சாஸ்திரத்துக்கு மாறான முறை செல்லவேண்டுமானால் அது தொன்றுதொட்டு வந்த வழக்கமாக இருக்கவேண்டும். நேற்றுக் கூடிய சிலர் தமக்குள் இசைந்து ஒரு புது வழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஆகவே இது விவாகமே அன்று என்று நீதிபதிகள் முடிவு கட்டினார்கள். எந்தத் தொன்மையை எதிர்த்து அந்த முறை பிறந்ததோ, அந்தத் தொன்மையையே அதனிடம் அத்தாட்சியாகக் கேட்டார்கள். கால் நூற்றாண்டாக ஊர் ஊராக நடந்த மணங்கள் அத்தனையும் அந்த ஒரு தீர்ப்பில் ஆட்டங்கண்டன. சொத்துக்காக மல்லுக்கு நிற்கும் பங்காளி எவனும் இனிமேல் அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து ‘நீ மனைவி அல்ல’ என்றும், அவள் பிள்ளைகளைப் பார்த்து வேறு விதமாகவும் சொல்லலாம். கொள்கைக்கு மாலை போட்டுக்கொண்டவர்கள் இருவர். விலை கொடுக்க நேர்ந்தால் கொடுக்கவேண்டியவள் ஒருத்தி. பெரியாரே 1949-இல் மணியம்மையாரைப் பதிவுத் திருமணமாகத்தான் மணந்தார் என்பதிலிருந்து, இந்த ஓட்டை அவர் அறியாததல்ல என்று தெரிகிறது. 1955-இல் வந்த இந்து விவாகச் சட்டமும் இரு தரப்பாரில் ஒருவரது வழக்கப்படியான சடங்கு வேண்டுமென்றே விதித்ததால், சங்கடம் தீரவில்லை.

1967 மார்ச்சில் முதலமைச்சராகப் பதவியேற்ற அண்ணா, அவ்வாண்டு முடிவதற்குள் அந்த இந்து விவாகச் சட்டத்தில் 7-அ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார். 1968 ஜனவரி 17-இல் அதற்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. உறவினர், நண்பர், அல்லது வேறு எவரேனும் முன்னிலையில், இருவருக்கும் விளங்கும் பாஷையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலோ, மாலை மாற்றினாலோ, மோதிரம் அணிவித்தாலோ, தாலி கட்டினாலோ போதும், இவற்றுள் எந்த ஒன்றானாலும் போதும், அது விவாகம். சட்டம் வருவதற்கு முன்பு அம்முறையில் நடந்தவையும் நடந்த நாள் முதலே செல்லும். சுக்கிலநத்தத்து மணம் இவ்வாறு நாற்பது வருஷத்துக்குப் பிறகு சட்டத்தின் ஆசீர்வாதம் பெற்றது. அண்ணா மறுவருஷம் பிப்ரவரியில் காலமாகிவிட்டார். அவருடைய ஆட்சி இரண்டு வருஷங்கூட முழுமையாக இல்லை. அதில் அவர் செய்தவற்றுள் இந்தச் சிறு பிரிவுக்கு இணையாக வீடுகளுக்குள் சென்ற காரியம் வேறு ஒன்றையும் என்னால் சொல்ல முடியவில்லை.

ஆனால் சட்டத்தின் விசித்திரத்தைப் பாருங்கள். அந்தப் பிரிவு ‘இரண்டு இந்துக்களுக்கு’ இடையிலான விவாகத்துக்கே பொருந்தும். 1872-இல் ‘நான் இந்து அல்ல’ என்று எழுதிக் கொடுத்தால்தான் புரோகிதர் இல்லாமல் மணக்கலாம் என்றார்கள். 1967-க்குப் பிறகு நீ இந்துவாக இருந்தால்தான் புரோகிதர் இல்லாமல் மணக்கலாம் என்கிறார்கள். நாஸ்திகன் என்ன செய்வான்? அவனுக்குக் கவலை வேண்டாம் என்று அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு ஆறுதல் சொல்கிறது: முஸ்லிம், கிறிஸ்தவர், பார்சி, யூதர் அல்லாத எவரும் இச்சட்டத்தின் காரியத்துக்கு இந்துவோடு சேர்ந்தவரே. கடவுளை மறுத்து, வேதத்தை மறுத்து, வர்ணத்தை மறுத்து, ராகு காலத்தில் மாலை மாற்றிக்கொண்ட இருவரும் சட்டத்தின் கண்ணில் பழைய வீட்டிலேதான் குடியிருக்கிறார்கள். 1933-இல் திருச்சியில் பெரியார் கைதாகி நடத்திய கிறிஸ்தவ மணத்தைப்போன்ற ஒன்றுக்கு இன்றும் இந்தப் பிரிவில் இடமில்லை. அவர்கள் 1954-ஆம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்துக்குப் போய், முப்பது நாள் அறிவிப்புக் கொடுத்துக் காத்திருக்கவேண்டும். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் ஜாதி, மதம் என்ற கட்டங்களை விரும்பாதவர் நிரப்பாமல் விடலாம் என்று தமிழ்நாட்டு அரசு 1973-லேயே ஆணை பிறப்பித்திருக்கிறது; குழந்தைக்குக் கிடைத்த அந்தக் காலி இடம் அதன் பெற்றோரின் விவாகத்துக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இப்பிரிவு போன வழிகளும் விசித்திரமானவை. முதல் மனைவி உயிரோடிருக்க, திருத்தணியில் கோயிலைச் சேர்ந்த மண்டபத்தில் புரோகிதரை வைத்து வேறொருத்திக்குத் தாலி கட்டிய ஒருவர், ஏழடி சுற்றிவரவில்லையே, ஆகவே இரண்டாவது விவாகம் செல்லாது, செல்லாத விவாகத்துக்குத் தண்டனை ஏது என்று வாதாடித் தப்பப் பார்த்தார். தமிழ்நாட்டில் 7-அ இருக்கும்போது ஏழடி எதற்கு, மாலையும் தாலியும் போதுமே என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாசலை அடைத்துவிட்டது. நாஸ்திகருக்காகப் போட்ட சட்டம் முருகன் சந்நிதி அருகில் ஒரு பெண்ணுக்கு நியாயம் வாங்கிக் கொடுத்தது. அண்ணா இருந்திருந்தால் இதைக் கேட்டு மூக்குப்பொடியை எடுத்துக்கொண்டு சிரித்திருப்பார்.

அண்மைக்காலத்தில் இப்பிரிவைத் தேடி வருகிறவர்களில் பலர் கொள்கைக்காரர் அல்லர். ஜாதி விட்டு ஜாதி காதலித்து, ஊரைவிட்டு ஓடி, பஸ் நிலையத்திலிருந்து நேராக வக்கீல் அலுவலகத்துக்கு வந்து நிற்கும் இளைஞர்கள். மாலையும் இரண்டு சாட்சிகளும் போதும் என்பதால் அங்கேயே மணம் முடிந்துவிடும். இப்படி ரகசியமாக வக்கீல் அறையில் நடப்பது முறையான விவாகம் ஆகாது என்று 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை, 2023 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது; ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் மணக்கவேண்டும் என்று சொன்னால், ஊருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு என்பதே அத்தீர்ப்பின் உட்பொருள். சுக்கிலநத்தத்தில் ஊரறிய நடத்திக் காட்டுவதே வீரமாக இருந்தது. இப்போதோ ஊரறியாமல் நடத்துவதற்கும் அதே சட்டம் வேண்டியிருக்கிறது. நூறு வருஷத்தில் புரோகிதரின் பலம் எவ்வளவோ குறைந்துவிட்டது; பங்காளிகளின் பலம் குறையவில்லை. கடவுளை எதிர்த்துப் பேசியதில் நாங்கள் செலவிட்ட மூச்சில் பாதியை ஜாதிச் சங்கத்தை எதிர்த்துச் செலவிட்டிருக்கலாம் என்று எங்களில் சிலருக்கே தோன்றுவது உண்டு.

2009-ஆம் வருஷத்துச் சட்டப்படி தமிழ்நாட்டில் எந்த மதத்து விவாகமாயினும் தொண்ணூறு நாட்களுக்குள் பதிவு செய்தாகவேண்டும். சுயமரியாதை மணத்துக்குக் கோயில் ரசீதும் இல்லை, தேவாலயத்துச் சான்றும் இல்லை. கையில் இருப்பது ஒப்பந்தத் தாளும், பன்னிரண்டு பேச்சாளர்களின் பெயர் அச்சிட்ட அழைப்பிதழுந்தான். வக்கீல் அறையில் மணந்தவர்களிடம் அந்த அழைப்பிதழும் இராது. புதுச்சேரியிலும் 7-அ பிரிவின் ஏற்பாடு உண்டு. வேறு மாநிலங்களில் இல்லை. ஓசூரில் மாற்றிக்கொண்ட மாலை விவாகம் ஆகிறது. சில மைல் போய், கர்நாடக எல்லையைத் தாண்டி, அத்திப்பள்ளியில் அதையே மாற்றிக்கொண்டால் ஆகாது.